வெறுஞ்சாக்கின் கணக்கு

நிவாரணக் களஞ்சியம் ஒன்றில் எல்லோருடைய கண்ணும் நிறைந்த மூடையிலேயே இருக்கும். எத்தனை மூடை வந்தது, எத்தனை போனது, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை கிலோ என்பதற்கெல்லாம் மூன்று பிரதிகளில் கணக்கு உண்டு. மூடையைப் பிரித்து அரிசியை நிறுத்துக் கொடுத்த பின்னர் அந்தச் சாக்குக்கு என்ன நடந்தது என்று கேட்டால் களஞ்சியப் பொறுப்பாளர் தலையைச் சொறிவார். பத்துத் தொன் அரிசி ஏற்றிய லொறி ஒன்று வந்தால் ஐம்பது கிலோப் பைகள் இருநூறு வருகின்றன. அவற்றோடு எண்ணெய்த் தகரங்கள், விசுக்கோத்து வந்த மட்டைப் பெட்டிகள், மூடைக்கு அடியில் வைத்த பலகைத் தட்டுகள், கட்டிய கயிறு. இவை குப்பை அல்ல என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இவற்றைக் கண்டபடி கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. கணக்கில்லாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. இதை நான் படித்து அறியவில்லை. பிழைவிட்டு அறிந்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வீட்டுச் சாமான் மூன்று யூரியாப் பைகளுக்குள் அடங்கியது. ஒன்றில் அரிசியும் சட்டி பானையும், ஒன்றில் உடுப்பு, மூன்றாவதில் அப்பாவின் காணி உறுதியும் எங்கள் புத்தகங்களும். மழையில் நின்று நின்று நடந்தோம். பைக்குள்ளே பொலித்தீன் உறை இருந்தபடியால் உறுதி நனையவில்லை. அந்த நாட்களில் வடக்குக்கு யூரியா வரத் தடை. தடைக்கு முன்னர் வந்த பைகளே ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. பசளை இல்லாமல் பசளைப் பை மாத்திரம் இருந்த காலம் அது. அதே பை பதுங்குகுழிக்கு மண்மூடையானது, கொட்டிலுக்குச் சுவரானது, பிள்ளைக்குப் பாயானது, மழைக்குத் தலையில் மடித்துப்போடும் கொங்காணியானது. 2009இல் முள்ளிவாய்க்காலில் சாக்கும் இல்லாமற்போனபோது எங்கள் பெண்கள் சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். சாக்கின் பெறுமதி என்னவென்று இவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறவன் முட்டாள்.

தடிமன் பிடித்திருந்தால்?

2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் பெய்த மழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்போது பழைய நெற்களஞ்சியம் ஒன்றை நிவாரணக் களஞ்சியமாக்கி அதன் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். மக்கள் வீடு திரும்பத் தொடங்கியதும் எல்லோரும் கேட்டது சாக்கு. நனைந்த நெல்லைக் காயவிடப் படங்கு இல்லை. மிஞ்சிய தானியத்தைப் போட்டு வைக்கப் பை இல்லை. களஞ்சியத்தில் சாக்கு மலைபோற் கிடந்தது. ஒரு பிற்பகலில் ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று அள்ளிக் கொடுத்தோம். பின்னறையில் கிடந்த பழைய சாக்குகளையும் சேர்த்தே கொடுத்தோம். கொடுத்து முடித்தபோது எனக்குப் பெரிய திருப்தி.

மூன்றாம் நாள் காலையில் ஆச்சி ஒருவர் ஒரு பையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என் மேசைக்கு முன்னால் பொத்தென்று போட்டார்.

"சுவாமி, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

மணந்தேன். களைநாசினி மணம். பின்னறைச் சாக்குகளிற் சில, மருந்துப் போத்தல் உடைந்து ஊறியவை என்பது அதன் பின்னர்தான் விசாரித்து அறிந்தது.

"பிள்ளையள் பசி எண்டு நிண்டதுகள். உலையும் வைச்சிட்டன். அரிசியைக் கையில அள்ளேக்கைதான் இந்த மணம். உலையை இறக்கிப் போட்டு வாறன்."

"ஒருத்தரும் சாப்பிடேல்லையே, ஆச்சி?"

"இல்லை. எனக்குத் தடிமன் பிடிச்சிருந்தா என்ன செய்திருப்பியள்?"

நான் பேசாமல் நின்றேன். அவருக்கு வேறு அரிசி நிறுத்துக் கொடுத்தோம். அதற்காக அவர் நன்றி சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்று மாலைவரை வீடு வீடாகப் போய், கொடுத்த சாக்குகளைத் திருப்பி எடுத்துப் பார்த்தோம். அதே மாதிரிச் சாக்கு இன்னும் நான்கு கிடைத்தன. ஒன்றில் உழுந்து இருந்தது. இன்னொன்றைக் குழந்தையின் ஏணைக்குக் கீழே விரித்திருந்தார்கள்.

"கழுவிப் போட்டுப் பாவிச்சால் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிளாஸ்ரிக் இழையால் நெய்த பை மருந்தை நெசவின் இடுக்குகளிலும் தையலிலும் பிடித்து வைத்திருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மணம் குறையுமே தவிர நஞ்சு முழுதாய்ப் போய்விட்டது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. மணம் இல்லாத மருந்துகளும் உண்டு. ஆச்சியின் மூக்கு அன்று ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது உண்மை. என்றாலும் மூக்கை நம்பிக் களஞ்சியம் நடத்த முடியாது. அந்தச் சாக்கில் முன்னர் என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது உணவுக்கு உதவாது.

அன்றிலிருந்து வெறுஞ்சாக்கை மூடை பிரிக்கும் இடத்திலேயே பிரித்து வைக்கிறோம். அரிசி, மா, பருப்பு, சீனி வந்தவை உணவுக்கு. பசளை வந்தவை மண் அள்ள, எருச் சுமக்க, வரம்பு கட்ட. அவற்றில் உணவு போடக்கூடாது. மருந்து பட்டவையும், மருந்து பூசிய விதை வந்தவையும் எதற்கும் இல்லை. மருந்து பூசிய விதைக்குச் சிவப்போ வேறு சாயமோ ஏற்றியிருப்பார்கள். பையின் உட்புறத்தில் அந்தச் சாயம் ஒட்டியிருக்கும். பசளைப் பைக்கு நடுவில் சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளடி. நஞ்சுப் பையைக் குறுக்காக வெட்டிவிடுகிறோம். முழுதாக இருக்கும் பையை எங்கே போட்டாலும் நாளைக்கு யாராவது ஏழை எடுத்துக்கொண்டு போவார் என்பது எனக்குத் தெரியும். நானே எடுத்திருக்கிறேன்.

மருந்துப் போத்தலுக்கும் இதே நியாயம்தான். போத்தல் வெறுமையானவுடன் காற்பங்கு தண்ணீர் விட்டு, மூடி, நன்றாய்க் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தரம். பிறகு அடியில் ஆணியால் துளையிட்டுவிடுங்கள். துளையிட்ட போத்தலில் ஒருவரும் மண்ணெண்ணெயோ தண்ணீரோ வைக்கமாட்டார்கள். கிணற்றடியில் இதைச் செய்யாதீர்கள். தோட்டத்தில் புதைக்கவும் வேண்டாம். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. எரிப்பதும் கூடாது, அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் எரிப்பவரே. பூட்டிய பீப்பா ஒன்றில் தனியாகச் சேர்த்து வைப்பதே இப்போதைக்கு எங்களால் செய்யக்கூடியது.

சாக்குக் காசு

ஆச்சியின் விடயத்துக்குப் பின்னர், பின்னறைச் சாக்குகள் எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கத் தொடங்கினேன். அப்போது வேறொரு கதை வெளிவந்தது. வெறுஞ்சாக்கு வாரத்துக்கு ஒருமுறை பட்டணத்து வியாபாரி ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் நல்ல சாக்கை எடுத்துக்கொண்டு, தன்னிடம் கழிந்ததை எங்களிடம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். காசு எங்கே? களஞ்சியப் பொறுப்பாளர் ஒளிக்கவில்லை. நாட்டாமைமாருக்குத் தேநீர், வடை, சில நாளில் பஸ் காசு. மிச்சத்துக்கு அவரிடம் கணக்கில்லை. அவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்காத கணக்கை அவர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஊருக்குள் கதை வேறுவிதமாய் இருந்தது. "சுவாமியின்ர சாக்குக் காசு" என்று ஒரு பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததாம். எனக்கு மாத்திரம்தான் தெரியாது. அரிசியில் ஒரு கிலோ குறையாமல் பகிர்ந்தோம் என்ற பெருமை, வெறுஞ்சாக்கில் போய்விட்டது.

கூட்டம் கூட்டினோம். நாட்டாமைமாரில் மூத்தவர் எழுந்து, "வெறுஞ்சாக்கு எங்கட அப்பு காலத்திலயிருந்து மூடை தூக்கிறவனுக்குத்தான் சுவாமி. அது களவில்லை, வழக்கம்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நாள் முழுதும் ஐம்பது கிலோ மூடையை முதுகில் சுமப்பவருக்குக் கிடைத்த கூலி போதாது. அந்தக் குறையை இத்தனை காலமும் சாக்கு ஈடுசெய்திருக்கிறது. வழக்கத்தை ஒரே நாளில் வெட்டிவிட்டு ஒழுங்கைப் பற்றிப் பேசுவது எங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு இலகு. நீண்ட வாக்குவாதத்தின் பின்னர், கிழியாத சாக்கில் நூற்றுக்குப் பத்து நாட்டாமைமாருக்கு என்றும், மிகுதி கிராமத்துக்கு என்றும் முடிவாயிற்று. கூலியையும் சிறிது கூட்டினோம்.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒரு நன்மை வந்தது. மூடையைக் கொளுக்கி போட்டு இழுப்பதால்தான் சாக்குகளில் பெரும்பகுதி கிழிந்தன. நாங்கள் எத்தனையோ தரம் சொல்லியும் கேளாதவர்கள், கிழியாத சாக்கில் தங்களுக்குப் பங்கு என்றதும் கொளுக்கியைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அரிசி சிந்துவதும் குறைந்தது.

இருப்புப் பதிவேட்டில் இப்போது வெறுஞ்சாக்குக்கு ஒரு பக்கம் உண்டு. வந்த மூடை எத்தனை, பிரித்தது எத்தனை, முழுச்சாக்கு, கிழிந்தது, பசளை, வெட்டியது, யாருக்குப் போனது. மாதர் சங்கத்திலிருந்து ஒருவரும் நாட்டாமைமாரில் ஒருவரும் மாத முடிவில் கையெழுத்திடுகிறார்கள்.

வெறுஞ்சாக்குக்குப் பதிவேடா என்று சிரித்தவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதலாம் உலகப்போரில், 1914இல், பெல்ஜியம் நாட்டைச் செர்மன் படை பிடித்தது. பட்டினியில் இருந்த அந்த மக்களுக்கு அமெரிக்காவிலிருந்து கோதுமை மா அனுப்பப்பட்டது. அந்த வேலையை நடத்தியவர் பின்னாளில் அமெரிக்க சனாதிபதியான ஹேர்பேட் ஹூவர். மா வந்தது பருத்தித் துணிப் பைகளில். பருத்தியிலிருந்து வெடிமருந்து செய்யலாம். ஆகவே வெறும்பை படையினரின் கைக்குப் போய்விடக்கூடாது. அதே பையில் மட்டமான மாவை நிரப்பி நிவாரண மா என்று விற்கவும் கூடாது. எனவே நிறைந்த பையைப் போலவே வெறும்பைக்கும் கண்டிப்பான கணக்கு வைத்தார்கள். பைகள் தையற்கூடங்களுக்கும் தொழிற் பாடசாலைகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் கொடுக்கப்பட்டன. வேலையிழந்திருந்த பெண்கள் அவற்றில் உடுப்புத் தைத்தார்கள். பையில் அச்சடித்திருந்த ஆலையின் பெயரைச் சுற்றியே பூவேலை செய்து விற்றார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹூவர் பெயரிலுள்ள நூதனசாலையில் அப்படிப்பட்ட பைகள் சில நூறு இன்றும் இருக்கின்றன. நூறு ஆண்டுக்கு முன்னர் மாப்பைக்குக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். எங்களுடைய ஒரு பக்கம் பெரிய காரியமல்ல.

படங்கும் மற்றவையும்

மாதர் சங்கத்தினர் முதலில் தைத்தது படங்குதான். பெரிய சணற்சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஏறக்குறைய நாலடிக்கு நாலடி கிடைக்கும். ஒன்பது சாக்கில் பன்னிரண்டடிச் சதுரமாய் ஒரு படங்கு. பிரிக்கும்போது கத்தி போடாதீர்கள். தையலின் இரண்டு நுனியையும் பாருங்கள். ஒரு நுனியிலிருந்து இழுத்தால் நூல் முழுதும் ஒரே இழுவையில் கழன்றுவரும், மற்ற நுனியிலிருந்து இழுத்தால் இறுகும். கழன்ற நூலையே கோணி ஊசியில் கோத்துத் தைக்கலாம்.

சணற்சாக்கு இப்போது அருகிவிட்டது. வருவதெல்லாம் பிளாஸ்ரிக் இழைப் பை. இரண்டையும் ஒன்றாய் நினைக்கக்கூடாது. சணற்சாக்கு காற்று விடும். ஓரளவு ஈரம் உள்ள நெல்லும் அதில் மூச்சுவிடும். அதே நெல்லைப் பொலித்தீன் உறை உள்ள பைக்குள் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் நன்றாய்க் காய்ந்த விதைநெல்லுக்கு உறையுள்ள பைதான் நல்லது. வெளி ஈரத்தை உள்ளே விடாது. நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்கு மேற்படக்கூடாது, விதைநெல்லென்றால் அதிலும் குறைவாக இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் கமக்காரர் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். டிக்கென்று உடைந்தால் சரி. பிளாஸ்ரிக் பை வழுக்கும். ஆகவே செங்கல் அடுக்குவதுபோல் குறுக்கும் நெடுக்குமாய், உயரம் குறைத்து அடுக்க வேண்டும்.

வெயில் அதற்குச் சத்துரு. வேலிக்குக் கட்டிய பை சில மாதத்தில் தொட்டால் உதிரும். உதிர்ந்த துணுக்கு மண்ணோடு கலக்கும், மாடும் தின்னும். ஆகவே பிளாஸ்ரிக் பையை வேலிக்கு, கூரைக்குக் கட்டுவதை நான் விரும்புவதில்லை. உக்கிய சணற்சாக்கு எருக்குழிக்குப் போகும். அதற்கும் முன்னர், எங்கள் பாட்டன் காலத்தில், பனையோலை உமலும் கடகமும் இந்த வேலையெல்லாம் செய்தன. அவற்றை எங்கே எறிவது என்று யாரும் யோசித்ததில்லை.

வெறுஞ்சாக்கை நிறைந்த மூடைக்குப் பக்கத்தில் குவிக்கும் வழக்கம் பல களஞ்சியங்களில் உண்டு. இது பெரிய பிழை. சாக்கின் தையலுக்குள் வண்டும் அந்துப்பூச்சியின் முட்டையும் இருக்கும். பழைய சாக்கிலிருந்து புதுநெல்லுக்குப் பூச்சி ஏறும் வழி இதுதான். சாக்கை வெளியே கொண்டுபோய், உட்புறத்தை வெளியே திருப்பி உதறி, சணற்சாக்கென்றால் கொதிநீரில் தோய்த்து, நல்ல வெயிலில் காயவிட்ட பின்னரே மறுபடி பாவிக்க வேண்டும். பிளாஸ்ரிக் பையைத் துலக்கிக் கழுவி ஒரு நாள் காயவிட்டாற் போதும்.

மட்டைப் பெட்டியை விரித்து அதன்மேல் மூடை அடுக்குவதும் பிழை. அது நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மூடைக்குக் கொடுக்கும், கறையானையும் கூட்டிவரும். மூடைக்கு அடியில் பலகைத் தட்டோ பனஞ்சிலாகையோ வைத்து அரை அடியாவது உயர்த்துங்கள். சுவரிலிருந்து ஓர் ஆள் நுழைந்து கூட்டக்கூடிய இடம் விடுங்கள். மட்டைப் பெட்டிக்கு நல்ல இடம் மிளகாய்ப் பாத்தி. ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, நனைத்துச் செடிக்கு நடுவில் பரப்பி மேலே குப்பை போட்டால் களையை அடக்கும், ஈரத்தைக் காக்கும், பிறகு உக்கிப்போகும்.

கப்பலில் வந்த பலகைத் தட்டுகளில் சுட்டு வைத்த முத்திரை ஒன்று இருக்கும். கதிர் போன்ற ஓர் அடையாளமும் சில எழுத்துகளும். 2002இல் ஏற்பட்ட சர்வதேச ஒழுங்கின்படி பூச்சி பரவாமல் இருக்கப் பலகையைப் பதப்படுத்தியதன் அடையாளம் அது. எச்.ரி. என்ற எழுத்து இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. கோழிக்கூடு, வாங்கு, அலுமாரி எதுவும் செய்யலாம். எம்.பி. என்றால் மீதைல் புரோமைட்டு என்ற நச்சுவாயு காட்டியது. அதை அடுப்பில் வைக்காதீர்கள், கோழிக்கூட்டுக்கும் வேண்டாம். களஞ்சியத்திலேயே மூடைக்கு அடியில் இருக்கட்டும்.

எண்ணெய்த் தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நன்றாய்க் கழுவி, காய்ந்த விதையை வாய்வரை நிரப்பி இறுக மூடினால் எலிக்கும் வண்டுக்கும் எட்டாது. வெட்டிய விளிம்பைத் தட்டி மடித்துவிடுங்கள். குழந்தைகளின் கையைக் கிழித்த தகரங்கள் பல கண்டிருக்கிறேன்.

கிழிந்து தைக்கவும் முடியாத பிளாஸ்ரிக் பைகளுக்கு மாத்திரம் இன்னும் வழி காணவில்லை. உருக்கி வேறு பொருள் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் நாங்கள் விசாரித்த கொள்வனவாளர் மண்ணில்லாமல் கழுவிய பையாக, லொறி நிறையக் கேட்கிறார். எங்களிடம் இருப்பது அரை லொறிக்கும் காணாது. அயலில் உள்ள இரண்டு சங்கங்களின் களஞ்சியங்களிலும் இதே குவியல் கிடப்பதாக அறிகிறோம். மூன்றையும் சேர்த்து ஏற்றுவதென்றால் கூலியை யார் கொடுப்பது என்ற பேச்சு நடக்கிறது. அதுவரை அவை வெயில் படாமல், எண்ணிக் கட்டி, பின்னறையில் இருக்கின்றன. பதிவேட்டில் அவற்றுக்கும் ஒரு வரி உண்டு.